பாலக்காடு டவுனில் வீட்டு முன்னறையில் சபை, இரண்டு சின்னப் பிள்ளைகள்: எதையெல்லாம் முதலிலேயே சரி செய்ய வேண்டும்?

நொய்யல்_சகோ (கேள்வி)

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். ஜூன் மாதம் கோயமுத்தூரிலிருந்து பாலக்காடு டவுனுக்குக் குடிபோகிறோம். தமிழ் பேசும் ஏழெட்டுக் குடும்பங்களை வைத்துச் சபை ஆரம்பிக்கிறோம். பெரியவளுக்கு 5 வயது, சின்னவனுக்கு ஒன்றரை. பார்த்து வைத்திருக்கும் வாடகை வீட்டில் இரண்டு படுக்கையறை, முன்னறை 12-க்கு 14 அடி. வலப்பக்கச் சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த வீடு. ஞாயிறு ஆராதனை, புதன் ஜெபக்கூட்டம் இரண்டும் அந்த முன்னறையில்தான்.

1. வீட்டுக்காரரிடம் என்ன சொல்லி, எப்படி எழுதி வாங்குவது?
2. டிரஸ்டா, சொசைட்டியா? காணிக்கைக் கணக்கை எப்படி வைப்பது?
3. சத்தப் புகார் வராமல் பாட்டு நடத்த வழி உண்டா?
4. வீடே சபையாக இருக்கும்போது பிள்ளைகளையும் வீட்டம்மாவையும் எப்படிக் காப்பாற்றுவது? இதுதான் பெரிய கவலை.

"ஜெபியுங்கள், எல்லாம் நடக்கும்" என்ற பதில் வேண்டாம்ங்க. அதைச் செய்துகொண்டுதான் இருக்கிறோம்.

வாளையார்_காற்று

அளவிலிருந்தே ஆரம்பிக்கலாம். 12-க்கு 14 என்றால் 168 சதுர அடி. முன்னால் நிற்பவருக்கும் கீபோர்டுக்கும் 4 அடி ஆழம் விட்டால் 120 மிச்சம். பாயில் உட்கார்ந்தால் ஆளுக்கு 6 சதுர அடி, அதாவது 20 பேர். நாற்காலி என்றால் 14, நெருக்கிப் போட்டால் 15. ஏழெட்டுக் குடும்பமும் பிள்ளைகளோடு வந்தால் முதல் ஞாயிறே வாசல்படியில் ஆள் நிற்கும். எனவே இந்த வீட்டை ஒரு வருட இடமாக மட்டும் கணக்கில் வையுங்கள்.

வீட்டுக்காரரிடம் மறைக்காதீர்கள். "குடும்பம் தங்கத்தான்" என்று சொல்லிவிட்டு மூன்றாம் வாரம் கிடார் எடுத்தால், புகார் கொடுக்கும் முதல் ஆள் அவராகத்தான் இருப்பார். 11 மாத ஒப்பந்தத்தில் தனி வரியாக எழுதுங்கள்: வாரத்தில் எத்தனை நாள், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, அதிகபட்சம் எத்தனை பேர், ஒலிபெருக்கி உண்டா இல்லையா. வாய்ச்சொல்லில் சம்மதித்தவர் ரெசிடென்ஸ் அசோசியேஷன் கூட்டத்தில் பத்துப் பேர் கேட்டவுடன் "எனக்குத் தெரியாது" என்பார். அது மனித சுபாவம், கோபப்பட்டு ஆவதில்லை. வீட்டை டிரஸ்ட் பெயரில் எடுக்காமல் உங்கள் பெயரிலேயே குடியிருக்க எடுங்கள்.

போர்டு மாட்டாதீர்கள். கேரள நகராட்சிக் கட்டட விதிகள் 2019-இல் குடியிருப்பு ஏ1 பிரிவு, கூட்டம் கூடும் கட்டடம் டி பிரிவு. வாசலில் சபைப் பெயர்ப் பலகை வந்த அன்றே, புகார் எழுதுகிறவருக்கு "குடியிருப்பைப் பிரிவு மாற்றாமல் வேறு விதமாகப் பயன்படுத்துகிறார்" என்ற வாசகம் கிடைத்துவிடும். டி பிரிவுக்கு மாற்றக் கேட்டால் அகலமான வழி, பார்க்கிங், தீயணைப்பு என்று வரிசையாக வரும். வாடகை வீட்டில் அதில் பாதிகூட நடக்காது.

கேஎஸ்இபி (கேரள மின்வாரிய) மீட்டரையும் மறந்துவிடாதீர்கள். வீட்டுக் கட்டண இணைப்பில் வேறு பயன்பாடு நடப்பதாக எழுதிவிட்டால், மின்சாரச் சட்டம் 2003-இன் 126-ஆம் பிரிவின் கீழ் பொருந்தும் கட்டணத்தைப் போல இரண்டு மடங்கு போடலாம். இரண்டு மாத பில் திடீரென்று எகிறினால் ரீடிங் எடுப்பவர் கண்ணில் படும். ஏசி மாட்டுவதாக இருந்தால் இதை முதலில் யோசியுங்கள்.

சத்தம். ஒலி மாசு விதிகள் 2000-இன்படி குடியிருப்புப் பகுதியில் காலை 6 முதல் இரவு 10 வரை 55 டெசிபெல், இரவில் 45. எழுத்து மூலம் அனுமதி வாங்காமல் ஒலிபெருக்கி வைக்கக்கூடாது. தனியார் இடத்தில் சொந்த ஒலிக்கருவி என்றால், உங்கள் எல்லையில் நின்று அளக்கும்போது அந்தப் பகுதிக்கான அளவை விட 5 டெசிபெல்லுக்கு மேல் கூடக்கூடாது. "ஆராதனைக்கு விலக்கு இருக்கிறது" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். சென்னை மேஜெஸ்டிக் காலனி வழக்கில் 2000-ஆம் ஆண்டே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது: அடுத்தவர் அமைதியைக் கெடுத்து ஒலிபெருக்கியிலும் டிரம்ஸிலும்தான் ஜெபிக்க வேண்டும் என்று எந்த மதமும் சொல்லவில்லை. அந்த வழக்கில் ஒரு தரப்பு ஒரு சபைதான்.

வேலை எப்படி:

– டிரம் செட் வேண்டாம். அந்த அறை தாங்காது. கஹோன் (மேலே உட்கார்ந்து கையால் தட்டும் மரப்பெட்டி) அல்லது தபேலா போதும். 20 பேர் பாடுகிற அறையில் மைக்கே தேவையில்லை.
– கீபோர்டு ஸ்பீக்கரை வலப்பக்கச் சுவரில் சாய்க்காதீர்கள், ஸ்டாண்டில் வையுங்கள். சுவரைத் தொட்டால் சுவரே பேசும். எதிர்ச்சுவர் ஓரத்தில் நிறுத்தி, முகத்தை வீட்டின் உள்பக்கம் திருப்புங்கள்.
– கனமான திரைச்சீலை அறைக்குள் எதிரொலியைத்தான் குறைக்கும். "தும் தும்" என்கிற கட்டைச் சத்தம் சுவர் வழியாகப் போவதை அது தடுக்காது. கீபோர்டில் பேஸைக் குறைப்பதுதான் மருந்து.
– ஜன்னலை மூடிப் பாடலாம் என்று திட்டம் போடாதீர்கள். மார்ச், ஏப்ரலில் பாலக்காட்டு வெயில் 40 டிகிரியைத் தொடும் ஊர் இது. அந்த மாதங்களில் ஆராதனையைக் காலை 7.30-க்கு வைத்து 9.30-க்கு முடியுங்கள்.
– போனில் டெசிபெல் ஆப் போட்டு, பாட்டு நடக்கும்போது ஒருவர் காம்பவுண்ட் ஓரம் நின்று பார்க்கட்டும். ஆப் துல்லியமாக இருக்காது, ஆனால் 50-க்கும் 70-க்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்டிவிடும்.

முழு இரவு ஜெபத்தை அந்த வீட்டில் வைக்கவே கூடாது.

ஏட்டுக்கணக்கு

இரண்டாவது கேள்விக்கு மட்டும்.

சொசைட்டிக்கு ஏழு பேர் வேண்டும், ஆண்டுப் பொதுக்கூட்டம் வேண்டும், நிர்வாகிகள் பட்டியலை வருடாவருடம் கொடுக்க வேண்டும். எட்டுக் குடும்பத்தில் ஏழு பேரை உறுப்பினராக்கினால் முதல் மனஸ்தாபத்திலேயே சபையும் சொசைட்டியும் ஒன்றாக உடையும். ஆரம்பத்தில் பொது டிரஸ்ட் எளிது: பத்திரம் எழுதி சப் ரிஜிஸ்திரார் அலுவலகத்தில் பதிவு, பிறகு பான், பிறகு வங்கிக் கணக்கு. இந்த வரிசை மாறினால் வங்கியில் திருப்பி அனுப்புவார்கள். டிரஸ்டிகளாகக் கணவன், மனைவி, மைத்துனர் என்று போடாதீர்கள். கணவனும் மனைவியும் மட்டுமே கையெழுத்துப் போடும் கணக்குக்குக் காணிக்கை கொடுப்பவர்கள் ஒருநாள் கேள்வி கேட்பார்கள், கேட்கவும் வேண்டும்.

80ஜி ரசீது (நன்கொடையாளருக்கு வருமான வரிச் சலுகை தருவது) கொடுக்கிறோம் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். வருமானத்தில் 5 சதவீதத்துக்கு மேல் மதக் காரியத்துக்குச் செலவாகும் அமைப்புக்கு அந்தச் சலுகை கிடையாது. சபைக்கு எல்லாச் செலவும் மதக் காரியம்தானே. டியூஷன் சென்டர், மருத்துவ உதவி போன்றவை நடத்துவதாக இருந்தால் அதற்குத் தனி டிரஸ்ட்.

காணிக்கை: ஆராதனை முடிந்த உடனே, அதே அறையில், இரண்டு பேர் எண்ண வேண்டும். அந்த இருவரில் பாஸ்டரும் அவர் மனைவியும் இருக்கக்கூடாது. நோட்டு வாரியாக எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டு, திங்கட்கிழமை வங்கியில். "இந்த வாரம் பால்காரருக்கு மட்டும் இதிலிருந்து எடுத்துக்கலாம்" என்பதுதான் எல்லாக் குழப்பத்துக்கும் விதை. பாஸ்டருக்கு மாதம் இவ்வளவு என்று டிரஸ்டிகள் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, மாதம் ஒரே தேதியில் வங்கி வழியாகக் கொடுங்கள்.

க்யூஆர் அட்டை உங்கள் சொந்தப் பெயரில் இருந்தால் வருவதெல்லாம் உங்கள் வருமானமாகத்தான் ஏட்டில் தெரியும். டிரஸ்ட் கணக்கு வரும்வரை ரொக்கமாக மட்டும் வாங்கி நோட்டில் எழுதுங்கள்.

சபைச் செலவு, வீட்டுச் செலவு பிரிக்கையில் வாடகைதான் சிக்கும். முன்னறையின் சதுர அடி மொத்த வீட்டில் எத்தனை பங்கோ அத்தனை பங்கு வாடகை சபைக் கணக்கு என்று முதல் மாதமே தீர்மானம் போடுங்கள். 168 சதுர அடி, வீடு 840 என்றால் ஐந்தில் ஒன்று. பிறகு யாரும் பேச இடமிருக்காது.

தத்தமங்கலம்_ரோடு

மேலே உள்ளதில் ஒரு திருத்தம் இல்லை, ஒரு சேர்க்கை. பிற்பாடு சொசைட்டி போடுவதானால் இந்த மாவட்டத்தில் எந்தச் சட்டம் என்பது இடத்தைப் பொறுத்தது. பாலக்காடு டவுன் பழைய மலபார், அதனால் 1860-இன் சங்கப் பதிவுச் சட்டம். சித்தூர், தத்தமங்கலம் பழைய கொச்சி ராஜ்யம், அங்கே 1955-இன் திருவிதாங்கூர்-கொச்சிச் சட்டம். இன்றைய சித்தூர் தாலுகாவிலேயே கொல்லங்கோடு மாதிரி மலபாரிலிருந்து வந்த ஊர்களும் உண்டு. கோயமுத்தூர் வக்கீல் தமிழ்நாட்டு 1975 சட்டத்து மாதிரியில் விதிமுறை எழுதிக் கொடுப்பார், இங்கே திருப்பிவிடுவார்கள். பணமும் ஒரு மாதமும் வீண்.

இதே பழைய எல்லை கல்யாணத்திலும் வரும். இதைப் பலர் கவனிப்பதே இல்லை. இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம் 1872, 1956-க்கு முந்தைய திருவிதாங்கூர்-கொச்சிப் பகுதிக்குச் செல்லாது. டவுனில் அந்தச் சட்டம் உண்டு. அதன்படி லைசென்ஸ் இல்லாத பாஸ்டர் திருமணம் நடத்தி வைப்பது தண்டனைக்குரிய குற்றம். பேராயர் கையால் குருப்பட்டம் பெற்றவர்களுக்கு வேறு கணக்கு, சுயாதீன சபைப் பாஸ்டருக்கு அது கிடையாது. உங்கள் சபைப் பிள்ளைக்குக் கல்யாணம் வந்தால், லைசென்ஸ் உள்ள ஊழியரை அழைத்து நடத்துங்கள். அல்லது 1954-இன் சிறப்புத் திருமணச் சட்டத்தில் 30 நாள் நோட்டீஸ் கொடுத்துப் பதிவு செய்துவிட்டு, சபையில் ஆசீர்வாத ஜெபம் மட்டும். எப்படி நடந்தாலும் கேரளாவின் 2008 விதிகளின்படி 45 நாளுக்குள் உள்ளாட்சிப் பதிவாளரிடம் பதிய வேண்டும். தாமதமானால் பாஸ்போர்ட், விசா எடுக்கும்போது நிற்கும். வளைகுடா போகிற மாப்பிள்ளைகள் நிறைய இருக்கிற ஊர் இது.

அடக்க இடம்: சுயாதீன சபைக்குச் சொந்தக் கல்லறைத் தோட்டம் இருக்காது. யாராவது இறந்த ராத்திரி பத்து மணிக்கு அதைத் தேடி அலையாதீர்கள். வந்த முதல் இரண்டு மாதத்துக்குள், சுற்றியுள்ள பெரிய சபைகளின் கமிட்டியையும் நகராட்சி சுகாதாரப் பிரிவையும் பார்த்து, வெளியாளுக்கு இடம் தருவார்களா, கட்டணம் எவ்வளவு, யாரிடம் கையெழுத்து என்று நோட்டில் எழுதி வையுங்கள்.

ஞானஸ்நானம் பற்றி ஒன்று. எஸ்சி சான்றிதழ் உள்ள குடும்பம் கேட்டால், தண்ணீரில் இறங்கும் முன் அவர்களுக்கு நேராகச் சொல்லுங்கள்: 1950-இன் பட்டியல் சாதி (எஸ்சி) ஆணைப்படி கிறிஸ்தவரானால் அந்தத் தகுதி இல்லை. கேரளாவில் எஸ்சியிலிருந்து கிறிஸ்தவரானவர்களுக்கென்று கோட்டயத்தைத் தலைமையிடமாகக் கொண்ட அரசு வளர்ச்சிக் கழகம் உண்டு. கடன், கல்வி உதவிகளை அங்கே கேட்கலாம். ஆனால் எஸ்சி இடஒதுக்கீட்டுக்கு அது ஈடாகாது. இதைச் சொல்லாமல் முழுக்கு கொடுப்பது, அந்தப் பிள்ளையின் பிளஸ் டூ முடிந்த பிறகு வீட்டில் சண்டையாக வெடிக்கும். 18 வயதுக்குக் கீழே என்றால் தாய் தகப்பன் சம்மதம் இல்லாமல் கிட்டவே போகாதீர்கள்.

மூணு_பிள்ளை_அம்மா

பிரதர், நாலாவது கேள்வியை நாலாவதாகக் கேட்டிருக்கிறீர்கள். அதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும். இதை தங்கச்சியையும், அதாவது உங்கள் வீட்டம்மாவையும், உட்கார வைத்துப் படியுங்கள்.

இரண்டு படுக்கையறையில் ஒன்றுக்கு உள்தாழ்ப்பாள் வேண்டும், வீட்டுக்காரர் போடவில்லை என்றால் நீங்கள் போடுங்கள். ஞாயிற்றுக்கிழமை அந்த அறைக்குள் வெளியாள் கால் வைக்கக்கூடாது. ஒன்றரை வயதுப் பிள்ளை காலை பத்திலிருந்து பன்னிரண்டுக்குள் ஒருதரம் தூங்கும். அவன் படுக்கையில் மற்றவர்களின் கைப்பையும் ஹெல்மெட்டும் குவிந்தால் தூக்கம் கெட்டு, மத்தியானம் பிரசங்கம் முழுக்க அழுகைதான். கைப்பைகளுக்கு வாசலுக்கருகே கொக்கி வரிசை ஒன்று அடியுங்கள், வேலை முடிந்தது.

டாய்லெட் ஒன்றுதான் என்றால் வீட்டை மறுபடி யோசியுங்கள். இருபது பேர், ஒரு கழிவறை, கழிவறைக்குப் போகப் பழகுகிற பிள்ளை, மூன்றும் சேராது. இரண்டு இருந்தால் ஒன்று வெளியாளுக்கு, மற்றது பூட்டு.

தேநீர். இது சின்ன விஷயமாகத் தெரியும், இதில்தான் பாஸ்டரம்மா உடம்பு தேய்கிறது. 30 கிளாஸுக்கு ஒன்றரை லிட்டர் பால், ஒன்றரை லிட்டர் தண்ணீர், 70 கிராம் தேயிலை, 200 கிராம் சர்க்கரை. மாதம் நாலு ஞாயிறும் நாலு புதனும் சேர்த்தால் 12 லிட்டர் பால். வீட்டு சிலிண்டரில் போவது தனி. இதை சபைக் கணக்கில் எழுதுங்கள், தங்கச்சியின் மளிகைப் பணத்தில் கரைய விடாதீர்கள். இன்னும் நல்லது, கட்டன் சாயா (பால் சேர்க்காத தேநீர்). இங்கே யாரும் குறையாக நினைக்க மாட்டார்கள், பால் திரிகிற கவலையும் இல்லை. கிளாஸ் கழுவுவதற்கு முறை போடுங்கள், வாரம் இரண்டு குடும்பம். பேப்பர் கப் எளிதாகத் தெரியும், ஆனால் பிளாஸ்டிக் பூச்சு உள்ளதை ஹரித கர்ம சேனைக்கு (வீடு வீடாகக் கழிவு சேகரிக்கும் உள்ளாட்சிக் குழு) என்ன கணக்கில் கொடுப்பது என்று வாராவாரம் தகராறு. ஸ்டீல் டம்ளர் 36 வாங்கி வையுங்கள்.

சண்டே ஸ்கூல் எடுக்கும் அறையில் எப்போதும் பெரியவர்கள் இரண்டு பேர், கதவு திறந்தே. ஒருவர் வராவிட்டால் அன்று பிள்ளைகள் பெரியவர்களோடு உட்காரட்டும். பிள்ளைக்குப் பாலியல் தீங்கு நடந்ததாகத் தெரிந்தால் போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி போலீசுக்குச் சொல்வது கட்டாயம். "சபைக்குள் பேசி முடிப்போம்" என்பதற்கு இடமே இல்லை. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைப் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள்.

திங்கட்கிழமை விடுமுறை என்று முதல் மாதமே அறிவியுங்கள். வாசல் கதவில் "மாலை 4 முதல் 6 வரை பார்க்கலாம்" என்று எழுதாவிட்டால், பெரியவள் பள்ளியிலிருந்து வந்து யூனிஃபார்ம் கழற்றும் முன்பே யாராவது உட்கார்ந்து ஜெபக்குறிப்பு சொல்லிக்கொண்டிருப்பார்கள். போனை இரவு 9-க்கு மேல் தங்கச்சி எடுக்க வேண்டாம், அவசரத்துக்கு சபையில் ஒரு குடும்பத்தின் எண்ணைக் கொடுங்கள்.

அப்புறம் இது: பாஸ்டர் பிள்ளை என்பதற்காக ஐந்து வயதுக்காரியை எல்லாருக்கும் முன்னால் வசனம் சொல்ல நிறுத்தாதீர்கள். விருப்பமிருந்தால் சொல்லட்டும், இல்லாவிட்டால் மற்ற பிள்ளைகளோடு கலர் அடிக்கட்டும்.

பள்ளி: டவுனில் தமிழ் வழி கிடைக்கிறதா என்று ஏஇஓ (உதவிக் கல்வி அதிகாரி) அலுவலகத்தில் நேராகக் கேளுங்கள். கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் தமிழ் வழி அரசுப் பள்ளிகள் உண்டு, ஆனால் அங்கிருந்து டவுனுக்குத் தினம் ஓடுவது அந்த வயதுக்கு ஆகாது. மலையாள எழுத்தை ஏப்ரல், மே இரண்டு மாதம் வீட்டிலேயே பழக்கிவிடுங்கள். தெருவில் விளையாடினால் பேச்சு தானாக வரும், எழுத்துதான் வராது.

கஞ்சிக்கோடு_ஷிஃப்ட்

எல்லாம் சரி, ஆனால் முன்னறையே வேண்டாம் என்பது என் கருத்து. ஞாயிறு மட்டும் 3 மணி நேரத்துக்கு ஒரு டியூட்டோரியல் ஹாலையோ கடை மாடியையோ எடுங்கள். நாற்காலியும் மின்விசிறியும் அங்கேயே இருக்கும், கடைத்தெருவில் பகல் அளவும் 65 டெசிபெல். புதன் ஜெபம் மட்டும் குடும்பம் குடும்பமாகச் சுற்றட்டும். வாடகை கூடும் என்பீர்கள். தேநீர், கரண்டு, வீட்டுக்காரர் முகம் மூன்றையும் கூட்டிப் பாருங்கள்.

இன்னொன்று: கஞ்சிக்கோடு தொழிற்பேட்டைக்காரர்கள் ஷிஃப்டில் இருப்பார்கள். காலை ஷிஃப்ட் வாரம் வருகிறவர் அடுத்த வாரம் வரமாட்டார், அதை விசுவாசக் குறைவு என்று எழுதிவிடாதீர்கள். ஓணம் விடுமுறையில் பாதிப் பேர் ஊரில் இருக்க மாட்டார்கள். கல்பாத்தித் தேர் நாட்களில் அந்தப் பக்கம் வண்டி போகாது, வீடு பார்க்கும்போது வழியைப் பார்த்துக்கொள்ளுங்கள். கோயமுத்தூர் பதிவு பைக்கை 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் கேரள எண்ணுக்கு மாற்ற வேண்டும், அங்கிருந்து என்ஓசி (ஆட்சேபனை இல்லாச் சான்று) வாங்க ஆரம்பித்துவிடுங்கள்.

நொய்யல்_சகோ

ரொம்ப நன்றிங்க. வீட்டம்மா மூணு_பிள்ளை_அம்மாவின் பதிலை இரண்டு தரம் படித்துவிட்டு, டாய்லெட் ஒன்றுதான் இருக்கிற அந்த வீடு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். வேறு வீடு பார்க்கிறோம், ஹால் யோசனையும் நடக்கிறது. இரண்டு சின்ன சந்தேகம். துபாயில் இருக்கிற ஒரு அண்ணன் மாதாமாதம் அனுப்புகிறேன் என்கிறார், வாங்கலாமா? திருவிருந்துக்குத் திராட்சை ரசம் வீட்டில் செய்வது எப்படி?

ஏட்டுக்கணக்கு

அண்ணனிடம் இந்தியப் பாஸ்போர்ட்டா என்று கேளுங்கள். இந்தியக் குடிமகன் தன் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. ஓசிஐ அட்டைக்காரர் (வேறு நாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினர்) என்றால் சட்டப்படி வெளிநாட்டவர். எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் ஒரு ரூபாய் வாங்கக்கூடாது. அந்தப் பதிவுக்கு அமைப்பு மூன்று வருடம் இயங்கி, 15 லட்சம் செலவு காட்டியிருக்க வேண்டும். பணம் டெல்லி எஸ்பிஐ முதன்மைக் கிளைக் கணக்குக்குத்தான் வர முடியும். உங்கள் சொந்தக் கணக்குக்கு அனுப்பிவிட்டு நீங்கள் சபைக்குக் கொடுப்பதும் அதே தவறு. பாஸ்போர்ட் முதல் பக்க நகலை ஃபைலில் வையுங்கள்.

மூணு_பிள்ளை_அம்மா

விதையுள்ள கறுப்புப் பன்னீர்த் திராட்சை 1 கிலோ. காம்பு நீக்கி, உப்புத் தண்ணீரில் பத்து நிமிடம் ஊற வைத்து அலசவும். 200 மில்லி தண்ணீரோடு மிதமான தீயில் 15-லிருந்து 20 நிமிடம், மத்தால் லேசாக மசித்தால் போதும். மிக்சியில் போட்டால் விதை உடைந்து கசக்கும். வெள்ளைத் துணியில் வடிகட்டி, மறுபடி ஒரு கொதி. 600 மில்லிக்குக் கொஞ்சம் கூடவோ குறையவோ வரும். சின்னக் கிண்ணம் 15 மில்லி என்றால் 30 பேருக்கு 450 போதும். வெந்நீரில் கொதிக்க வைத்த கண்ணாடி பாட்டிலில் சூடாகவே ஊற்றி, ஆறியதும் ஃபிரிட்ஜில். சனிக்கிழமை செய்தால் ஞாயிறுக்குச் சரி.

இரண்டாவது கொதியைத் தவிர்க்காதீர்கள். திராட்சைத் தோலிலேயே ஈஸ்ட் உண்டு, துணி வழியாகவும் கை வழியாகவும் திரும்ப ஏறும். மிச்சத்தை அடுத்த மாதத்துக்கு வைக்கவும் வேண்டாம். புளித்தால் வைன், அனுமதியில்லாமல் வைன் வைத்திருப்பது இங்கே அப்காரி (மது) சட்டத்தில் மாட்டும் காரியம். மூடி திறக்கும்போது "புஸ்" என்று கேட்டால் கொட்டிவிடுங்கள்.